ஐந்தாவது தபாலட்டை

பழைய தபாலட்டைகளைத் தேடி வாங்கும் பழக்கம் எங்களுக்கு ஒரு பூக்கடையில் தொடங்கியது என்றுதான் சொல்லவேண்டும். திருமண நாள் ஒன்றுக்காக மஞ்சள் ரோஜாக்கள் வாங்கப் போயிருந்தோம். கடைக்கார அம்மையார் கத்தரிக்கோலை எடுக்குமுன் சற்றுத் தயங்கி, பூக்கள் யாருக்கு என்று கேட்டார். மனைவிக்கு என்றதும் சிரித்துவிட்டார். தம்முடைய பாட்டியின் காலமாயிருந்தால் இந்தப் பூங்கொத்தோடு ஒரு மன்னிப்புக் கடிதமும் சேர்த்து வைக்கவேண்டி வந்திருக்கும் என்றார். பிரான்சில் மஞ்சள் ரோஜா நெடுங்காலமாகத் துரோகத்தின் பூ. காதலில் உண்மையாயிராதவனின் பூ. அம்மையார் அதை வேடிக்கையாகவே சொன்னார். நாங்களும் சிரித்தபடி பூக்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். வீட்டு வாசலில்தான் பழைய வழக்கு ஒன்று கிளம்பியது.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு நீங்கள் அனுப்பின காட்டிலையும் மஞ்சள் ரோசாதானே?"

"இல்லையப்பா, அது இளஞ்சிவப்பு."

"மஞ்சள்தான். எத்தினை தரம் எடுத்துப் பார்த்திருப்பன்."

எங்களில் ஒருவர் 1986 இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். மற்றவர் 1991 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தார். மணமாகி நான்கு மாதங்களில் பிரிந்த நாங்கள், ஐந்து ஆண்டுகள் கடிதங்களால் மட்டுமே கணவன் மனைவியாக இருந்தோம். கடிதங்கள் மாதக்கணக்கில் தாமதித்தன. சில வரவேயில்லை. அந்நாட்களில் சேன் நதிக்கரைப் பழைய புத்தகப் பெட்டிக்காரர்களிடம் சில பிராங்குகளுக்கு, எழுதப்படாத பழைய தபாலட்டைகள் கிடைக்கும். மொழி தெரியாத ஊரில், சொல்ல வந்ததைச் சொந்த மொழியிலும் எழுதத் தெரியாத ஒருவர், அவற்றில் ஒன்றிரண்டைக் கடித உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். பூக்கூடையுடன் ஒரு பெண், புறாவுடன் ஒரு பெண், ரோஜாவை முகத்தருகே பிடித்திருக்கும் ஒரு பெண். அவர் பூவைத்தான் பார்த்து வாங்கினாராம், பெண்ணை அல்லவாம். இந்த வாக்குமூலத்தை மற்றவர் இன்றுவரை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த அட்டைகள் இப்போது இல்லை. 1991 இல் ஒரு பையோடு புறப்பட்டவர், அவை இருந்த பிஸ்கட் தகரத்தை அம்மாவின் பொறுப்பில் விட்டு வந்தார். 1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது அம்மாவும் நடந்தார். பிஸ்கட் தகரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று எங்களாலும் சொல்ல முடியாது.

ஆகவே, ரோஜாவின் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டுமானால் அதே அட்டையின் இன்னொரு பிரதியைத் தேட வேண்டும் என்று முடிவு செய்தோம். பிரான்சில் வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம்வரை ஞாயிறுதோறும் ஏதாவதொரு ஊரில் வீட்டுப் பழம்பொருட்களைத் தெருவில் பரப்பி விற்பார்கள். பீங்கான் கோப்பைகள், துருப்பிடித்த சாவிகள், கைப்பிடி போன காப்பி அரைக்கும் பெட்டிகள் ஆகியவற்றுக்கிடையே சப்பாத்துப் பெட்டி நிறையத் தபாலட்டைகள் இருக்கும். அந்தப் பெட்டிகளுக்கு முன் குனிந்தபடி எங்கள் ஞாயிறுகள் கழிந்தன. தேடிய அட்டை கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்தவை எங்களுக்கு வேறொன்றைக் கற்றுத் தந்தன.

*

பூக்களுக்கு ஒரு மொழி உண்டு என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் பரவிய கதை சுவையானது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் தூதரின் மனைவியாக ஒட்டோமான் தலைநகரில் வாழ்ந்த லேடி மேரி வொர்ட்லி மொண்டேகு, அங்குள்ள பெண்கள் ஒரு சொல்லும் எழுதாமல் பூவும் பழமும் நூலும் அனுப்பிக் காதற்கடிதம் வரைகிறார்கள் என்று எழுதினார். அவருடைய கடிதங்கள் அவர் இறந்த பின் 1763 இல் அச்சாயின. ஐரோப்பா அதைப் படித்து மயங்கியது. ஆனால் 'செலாம்' எனப்பட்ட அந்த வழக்கம் பூவின் குணத்தையோ நிறத்தையோ சார்ந்ததல்ல, எதுகையைச் சார்ந்தது. துருக்கியில் பேரிக்காய்க்கு 'அர்முத்' என்று பெயர். 'உமுத்' என்றால் நம்பிக்கை. பேரிக்காயை அனுப்பினால், அதனோடு எதுகை சேரும் ஓர் அடியைப் பெறுபவர் நினைவுகூர்ந்து, நம்பிக்கை கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்வார். அது ஒரு சொல் விளையாட்டு. மொழிபெயர்த்தால் பேரிக்காய் மட்டுமே மிஞ்சும்.

மொழிபெயர்க்க முடியாத இந்த விளையாட்டிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஒரு அகராதியை உண்டாக்கினார்கள். 1819 இல் ஷார்லொத் து லத்தூர் என்ற பெயரில் 'பூக்களின் மொழி' என்னும் நூல் பாரிஸில் வெளிவந்தது. லூயிஸ் கோர்தாம்பேர் என்ற பெண்மணியின் புனைபெயர் அது என்று கருதுகிறார்கள். அதன் பின் நூற்றாண்டு முழுதும் இத்தகைய அகராதிகள் வந்துகொண்டே இருந்தன. இங்கிலாந்தில் 1884 இல் கேற் கிரீனவே தம் ஓவியங்களுடன் வெளியிட்ட சிறுநூல் இன்றும் மறுபதிப்புக் காண்கிறது. அதில் ஊதா லைலாக் முதற்காதலின் கிளர்ச்சி; ஐவிக்கொடி விசுவாசமும் திருமணமும்; முகே எனப்படும் வெண்மணிப் பூ மகிழ்ச்சியின் மீள்வருகை. லவெண்டர் அவநம்பிக்கை. ஐதரேஞ்சியா தற்பெருமைக்காரன், இதயமற்றவன். கோடுபோட்ட கார்னேஷன் மறுப்பு. மஞ்சள் கார்னேஷன் இகழ்ச்சி. மஞ்சள் ரோஜாவோ தேய்ந்துவரும் காதல், பொறாமை.

இதை முதலில் வாசித்தபோது எங்களில் ஒருவர் மற்றவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த அகராதியும் வேண்டியிருக்கவில்லை.

அகராதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஒரு நூலில் தூய்மையாக இருக்கும் பூ இன்னொன்றில் வேறேதோ ஆகிவிடும். அமெரிக்க ஆய்வாளர் பெவர்லி சீட்டன் 1995 இல் வெளியிட்ட வரலாற்று நூலில், மக்கள் உண்மையாகவே இந்த அகராதிகளைக் கொண்டு செய்தி பரிமாறிக்கொண்டார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வருகிறார். இவை பெரும்பாலும் பரிசாகக் கொடுக்கப்பட்ட அழகிய புத்தகங்கள். வரவேற்பறை மேசையில் கிடந்தவை. ஒரு மொழிக்கு அகராதி இருந்திருக்கிறது. பேசியவர்கள்தான் அதிகம் இல்லை.

அப்படியானால் தபாலட்டைகளில் ஏன் இத்தனை பூக்கள்?

*

இதற்கான விடையின் ஒரு பகுதி தபாற்கட்டணத்தில் இருக்கிறது என்பதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. தபாலட்டை 1869 இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்தது. படமில்லாத வெறும் அட்டை. படங்கள் வந்த பின்னும், பிரான்சில் 1903 ஆம் ஆண்டின் இறுதிவரை அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. செய்தியை மறுபக்கத்தில் படத்தின் ஓரத்தில், வானத்தின் மேல், பாவாடையின் விளிம்பில் எழுதவேண்டும். முகவரிப் பக்கம் நடுக்கோட்டால் பிரிக்கப்பட்ட பின்னர்தான் எழுத இடம் வந்தது. இடம் வந்தபோதும் காசு தடுத்தது. அந்த ஆண்டுகளில் ஐந்து சொற்களுக்கு மேற்படாத வாழ்த்தென்றால் 5 சான்திம் முத்திரை போதும். அதற்குமேல் எழுதினால் 10 சான்திம்.

ஐந்து சொற்கள். வணக்கம் சொல்லி, பெயர் எழுதினால் பாதி முடிந்துவிடும். மீதியை யார் சொல்வது? பூதான் சொல்லவேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. தபாலட்டைக்கு உறை இல்லை. தபாற்காரர், மாடிக்குடியிருப்பின் வாயிற்காவற் பெண்மணி, பெண்ணின் தாய், தம்பி, எல்லோரும் படித்த பிறகே அது உரியவளின் கைக்கு வரும். வாங்கிய அட்டைகளில் சிலவற்றைக் கண்ணாடியில் காட்டித்தான் வாசித்தோம். எழுத்துகள் தலைகீழாய், இடம்வலமாய் எழுதப்பட்டிருந்தன. சிலவற்றில் முத்திரை வேண்டுமென்றே சரித்து ஒட்டப்பட்டிருக்கிறது. முத்திரையின் சாய்வுக்கும் ஒரு மொழி இருந்தது. இடப்பக்கம் சாய்ந்தால் ஒன்று, தலைகீழானால் இன்னொன்று. அந்த மொழியை விளக்கும் தபாலட்டைகளும் அச்சாகி விற்கப்பட்டன. எல்லோரும் வாங்கக்கூடிய விளக்க அட்டையை வைத்துக்கொண்டு பேசும் மொழியில் என்ன இரகசியம் இருந்திருக்கும் என்று கேட்கலாம். இரகசியம் அல்ல நோக்கம் என்றே இப்போது தோன்றுகிறது. தாய் பார்த்தாலும் வெறும் பூதான் என்று சொல்லக்கூடிய ஒரு சாக்கு இருந்தால் போதும். தாய்க்கும் அது சாக்கு என்று தெரியும். அவரும் ஒரு காலத்தில் பெண்ணாக இருந்தவர்தானே.

இந்த அட்டைகளில் மீண்டும் மீண்டும் வரும் பூக்களைக் கவனித்தால், அகராதியில் உள்ள நூற்றுக்கணக்கானவற்றில் ஒரு கைப்பிடிப் பூக்களே புழங்கியிருக்கின்றன. அவற்றிலும் பல, படித்தறியத் தேவையில்லாதவை. பான்சிப் பூவுக்குப் பிரெஞ்சில் 'பான்சே' என்று பெயர். அதே சொல்லுக்கு 'நினைவு' என்றும் பொருள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததே. ஆகவே பான்சிப் பூவை அனுப்புகிறவர் நினைவை அனுப்புகிறார். பூவின் பெயரை அறிந்த குழந்தைக்கும் அது புரியும். எங்களூர்ச் செவ்வந்தியை நினைவூட்டும் செம்மஞ்சள் பூவொன்றுக்கு 'சூசி' என்று பெயர். அந்தச் சொல்லுக்குக் கவலை என்றும் பொருள். அதனாலேயே அதைக் காதல் அட்டைகளில் நாங்கள் ஒருமுறைகூடக் கண்டதில்லை. 'மியோசோதிஸ்' என்ற சிறு நீலப்பூவின் பெயர் கிரேக்கத்தில் எலியின் செவியைக் குறிக்கிறது. ஆனால் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அதன் பெயரே என்னை மறவாதே என்பதுதான். இலையடியில் ஒளிந்திருக்கும் வயலட் அடக்கத்தின் பூ. ஆரஞ்சுப் பூ மணப்பெண்ணுக்குரியது. விக்டோரியா அரசி 1840 இல் தம் திருமணத்தில் அதைச் சூடினார். மே மாதம் முதல் நாளில் முகே கொடுப்பது நல்வாய்ப்பைக் கொடுப்பது. அது இன்றும் நடக்கிறது. அன்று எங்கள் தெருமுனையில் சிறுவர்கள் முகேக் கொத்துகளை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கிரிசாந்தமம் காதல் அட்டைகளில் இல்லை என்றே சொல்லலாம். நவம்பர் முதலாம் தேதி, சகல புனிதர்களின் திருநாளையொட்டிக் கல்லறைகளுக்கு எடுத்துச் செல்லப்படும் பூ அது. இது தெரியாமல், வந்த புதிதில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் விருந்துக்கு அதில் ஒரு தொட்டியை வாங்கிப் போனவர்கள் நாங்கள். அவர்கள் மரியாதையாக வாங்கிப் பால்கனியில் வைத்தார்கள். எங்களுக்கு அது செவ்வந்தி. அம்மன் கழுத்தில் கிடப்பது. அவர்களுக்கு அது இறந்தோரின் பூ. நான்கு பேர் அந்தப் பூவைச் சுற்றி உட்கார்ந்து இரவுணவு உண்டோம்.

*

பூக்களின் நிறத்தைப் பற்றிய எங்கள் வழக்கு ஒருவகையில் தீர்ந்தது தொழிற்சாலைகளின் கதையை அறிந்தபோதுதான். இந்த அட்டைகள் ஓவியங்கள் அல்ல, புகைப்படங்கள். பேர்லினில் 1894 இல் தொடங்கப்பட்ட 'நொயே போட்டோகிராபிஷே கெசெல்ஷாப்ட்' என்னும் நிறுவனம், புரோமைட் தாளைச் சுருள் சுருளாக இயந்திரத்தில் ஓடவிட்டுப் படங்களைத் தொடர்ச்சியாகப் பதித்தது. 'கிலோமீட்டர்ப் புகைப்படம்' என்றே அதை அழைத்தார்கள். பிரான்சில் நான்சி நகரின் அல்பேர் பெர்ஜெரே போன்ற அச்சகத்தார் கற்பனைக் காட்சிகளைத் தொடர்களாக வெளியிட்டார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் பின்னர் வந்தது. வெட்டிய தகடுகளை அட்டையின் மேல் வைத்துத் தூரிகையால் வண்ணம் ஏற்றினார்கள். உதட்டுக்கு ஒரு தகடு, உடைக்கு ஒரு தகடு, பூவுக்கு ஒரு தகடு. அந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள் இருந்தார்கள்.

ஒரே புகைப்படம், ஒரே பெண், ஒரே ரோஜா. ஓர் அட்டையில் அது சிவப்பு, இன்னொன்றில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் மஞ்சள். இப்படி மூன்று பிரதிகளை ஒரே சப்பாத்துப் பெட்டியில் நாங்கள் கண்டிருக்கிறோம். அகராதியின்படி அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகள். ஆனால் அன்று மேசையில் எந்த வண்ணக் கிண்ணம் இருந்ததோ அதுவே அந்த நிறத்தைத் தீர்மானித்திருக்கும். மஞ்சளை ஏற்றிய பெண் யாருடைய துரோகத்தையும் நினைத்திருக்க மாட்டார். மாலைக்குள் முடிக்க வேண்டிய அட்டைகளின் எண்ணிக்கையைத்தான் நினைத்திருப்பார்.

இதை ஒருவர் வெற்றியாக அறிவித்தார். மற்றவர், அப்படியென்றால் அனுப்பியது மஞ்சள்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

*

2009 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிஸுக்கு வடக்கே ஒரு சிற்றூரின் தெருச் சந்தையில் 23 தபாலட்டைகள் கொண்ட கட்டொன்று கிடைத்தது. சணல் நூலால் கட்டியிருந்தார்கள். எல்லாம் ஒருவர் ஒரு பெண்ணுக்கு எழுதியவை. 1912 முதல் 1915 வரை. எங்களுக்கு முன்பே ஒரு வியாபாரி அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டு நூலால் பூத்தையல் போட்ட இரண்டு அட்டைகளை மட்டும் தமக்குத் தரும்படி பேரம் பேசினார். போர்க்காலத்தில் பிரான்சின் பெண்கள் செய்து, பெரும்பாலும் பிரிட்டிஷ் வீரர்களுக்கு விற்ற அத்தகைய அட்டைகளுக்கு இன்றும் நல்ல விலை உண்டு. வியாபாரிகள் அட்டைகளைப் பிரித்து அடுக்குவது பொருள்வாரியாக: பூக்கள், பூனைகள், ஈஸ்டர், ஏப்ரல் மீன். ஒருவர் ஒருவருக்கு எழுதினார் என்ற தலைப்பில் எந்தப் பெட்டியும் இல்லை. முழுக்கட்டையும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னோம். விற்ற மூதாட்டி 15 யூரோ கேட்டார். கொடுத்தோம். தேவைக்கு அதிகமான பணம் எங்களிடம் இருந்த காலமல்ல அது. ஆயினும் அந்தச் சணல் அவிழ்ந்துவிடக்கூடாது என்ற பதற்றம் இருவருக்கும் ஒரே கணத்தில் வந்தது.

பெயர்களை இங்கே எழுதவில்லை. அந்தப் பெண் ஒரு சிறு நகரில் தையல் வேலை செய்தவர். எழுதியவர் கட்டாய இராணுவ சேவையில் இருந்தவர். முதல் அட்டையில் பான்சிப் பூக்கள். செய்தி, ஞாயிறு வரமுடியாது என்பது மட்டும். அடுத்ததில் வயலட், செய்தி, மழை. 1913 மே மாதத்தில் முகே. செய்தி, தங்கையின் இருமல் குறைந்ததா என்ற விசாரணை. பூக்கள் காதலைச் சொல்லிக்கொண்டே போகின்றன. எழுத்து மழையையும் இருமலையும் சொல்லிக்கொண்டே போகிறது. அகராதியை வைத்துக்கொண்டு நாங்கள் முதலில் பூக்களைத்தான் படித்தோம். பிறகு எழுத்தைப் படித்தோம். எது உறை, எது கடிதம் என்பது மெல்ல இடம் மாறியது.

1913 ஜூன் மாதத்தில் வாரம் ஒன்றாக நான்கு அட்டைகள். ஒரே பெண், கையில் மார்கரித் எனப்படும் வெண்டெய்சிப் பூ, ஒவ்வொன்றிலும் இதழ்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இதழைப் பறித்துப் பறித்துக் காதலைச் சோதிக்கும் விளையாட்டில் ஆங்கிலேயருக்கு இரண்டே விடைகள்: உண்டு, இல்லை. பிரெஞ்சுக்காரருக்கு ஐந்து படிகள். கொஞ்சம், நிறைய, பேரார்வத்துடன், பித்தாக, கொஞ்சமும் இல்லை. ஆகவே இந்தத் தொடர்கள் ஐந்து அட்டைகளாக வெளியாயின. ஐந்தையும் சேர்த்தே கடைகளில் வாங்குவார்கள். எங்கள் கட்டில் நான்குதான் இருந்தன. பித்தோடு நின்றுவிட்டது.

ஐந்தாவதை அவர் அனுப்பவில்லையா, அனுப்பி அவள் கிழித்துவிட்டாளா, வழியில் எந்த வியாபாரியாவது உருவிக்கொண்டாரா, தெரியாது. இரவு உணவு முடிந்து வெகுநேரம் நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். அனுப்பவில்லை என்று நம்புவதையே இருவரும் விரும்பினோம்.

1914 ஆகஸ்ட்டுக்குப் பிறகு பூக்கள் நின்றுவிடுகின்றன. இராணுவத்தினருக்கு முத்திரை வேண்டாம் என்று ஆகிவிட்டது. வெறும் அட்டையில் பென்சில் எழுத்து. காலுறை கேட்கிறார். புகையிலை கிடைத்தது என்கிறார். பிறகு அந்த இரண்டு பட்டு அட்டைகள், இரண்டிலும் பான்சி. கடைசி அட்டை 1915 மே மாதத்தது. அதில் பூ திரும்பி வந்திருக்கிறது, ஆனால் சீருடை அணிந்து: நீலத்துக்கு புளுவே என்னும் வயற்பூ, வெள்ளைக்கு மார்கரித், சிவப்புக்குப் பாப்பி. மூன்றும் சேர்ந்தால் கொடி. போருக்கு முன் காதலுக்கு உழைத்த அதே பூக்கள் போருக்கு உழைக்க அனுப்பப்பட்டிருந்தன. புதிதாக வந்த இளம் வீரர்களையே, அவர்களுடைய கறைபடாத நீலச் சீருடைக்காக, புளுவே என்று மூத்தவர்கள் அழைத்த காலம் அது.

அந்தக் கடைசி அட்டையின் பின்னால் அவர் ஒரு பூவைப் பற்றி எழுதுகிறார். 23 அட்டைகளில் தம் சொந்தக் கையால் ஒரு பூவின் பெயரை எழுதியது அந்த ஒருமுறைதான். இடிந்த மதில் ஒன்றின் அருகே லைலாக் பூத்திருக்கக் கண்டாராம். உங்கள் முற்றத்தில் இருப்பதும் பூத்துவிட்டதா என்று கேட்கிறார். கேற் கிரீனவேயின் நூலில் லைலாக்குக்கு என்ன பொருள் என்று எங்களுக்கு மனப்பாடம். ஆனால் இவர் எதையும் உணர்த்தவில்லை. அந்த முற்றத்தில் ஒரு மரம் இருக்கிறது. அது பூத்ததா என்று தெரியவேண்டும். அவ்வளவுதான். அதைப் படித்தபோது எங்களில் ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

*

முதலாம் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்தோரின் பதிவட்டைகளை, 13 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை, பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சு 2003 இலிருந்து இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரும் படைப்பிரிவும் தெரிந்தால் தேடலாம். இரண்டும் எங்களிடம் இருந்தன. தேடவேண்டும் என்றார் ஒருவர். வேண்டாம் என்றார் மற்றவர். தேடாவிட்டால் உயிரோடு இருப்பார் என்பது மற்றவரின் வாதம். ஊரிலிருந்து வரும் பட்டியல்களில் பெயர் தேடிப் பழகியவர்களின் வாதம் அது. பல மாதங்கள் சென்றபின் ஓர் இரவு இருவரும் சேர்ந்துதான் தேடினோம்.

அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

இல்லாமை எதையும் நிரூபிப்பதில்லை என்று எங்களுக்குத் தெரியும். எழுத்துப் பிழை இருக்கலாம். படைப்பிரிவு மாறியிருக்கலாம். ஆனால் அந்த இரவில்தான் எளிய ஓர் உண்மை உறைத்தது. அட்டைகள் நின்றுபோனால் எழுதியவர் இறந்தார் என்று ஏன் கொள்ளவேண்டும்? எங்களுடைய அட்டைகளும் 1991 இல் நின்றுபோயின. ஒருவர் மற்றவரிடம் வந்து சேர்ந்துவிட்டதால் நின்றன. அதற்குப் பிறகு நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு வரியும் எழுதியதில்லை. கடைக்குப் போகும் பட்டியலைத் தவிர. நூறாண்டு கழித்து எங்கள் கட்டை எவராவது ஒரு தெருச் சந்தையில் எடுத்தால், கடைசித் தேதியைப் பார்த்து அவர்களும் பெருமூச்சு விடக்கூடும். அப்போது நாங்கள் பெயர்ப்பரோ நிலையத்தில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் தேடிக்கொண்டிருந்தோம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள், பாரிஸில் இருந்தவரிடம் தங்கிவிட்ட பாதியை எடுத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நீலநிற வான்கடிதங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு 41. அனுப்பிய அட்டைகள் அழிந்தாலும் அவற்றுக்கு வந்த பதில் இருக்குமல்லவா? ரோஜாவின் நிறம் அதில் இருக்கலாம். 1988 பெப்ரவரியில் எழுதிய ஒன்றில் அந்த வரி இருந்தது. காட் கிடைத்தது, பூ நல்ல வடிவு, அம்மா அலுமாரிக்குள் வைத்திருக்கிறா, கிணற்றடி மல்லிகை இம்முறை நேரத்தோடு பூத்துவிட்டது, குளிருக்கு உடம்பைக் கவனியுங்கோ. நிறம் இல்லை. மல்லிகையைப் பற்றிய அந்த வரியை அன்று வாசித்தபோது அதில் தூதோ குறிப்போ இருப்பதாக அவர் நினைக்கவில்லை. இருக்கவும் இல்லை. கிணற்றடியில் மல்லிகை பூத்திருந்தது. அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொன்னார். அன்றிரவு அவர் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்ததாக இப்போதுதான் சொல்கிறார்.

*

சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு சனிக்கிழமை, சாம்ஸ் எலிசே அருகே கரே மரின்யி முத்திரைச் சந்தையில் அந்த ஐந்தாவது அட்டையைக் கண்டோம். அதே பெண், அதே நாற்காலி, அதே வெளிர்நீல உடை. கையில் வெறும் காம்பு. முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எவரும் எவருக்கும் அனுப்பாத பிரதி. விலை 3 யூரோ. தொடரை முழுமையாக்கினால் மதிப்புக் கூடும் என்றார் விற்பவர். அவர் சொன்னது உண்மைதான். இத்தனை நாள் தேடி அலைந்தவர்கள், கைக்கு வந்ததை வாங்காமல் விடுவதற்கும் காரணம் வேண்டும்.

இருவரும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்தோம். வண்ணம் மங்காமல் இருந்தது. காம்பின் பச்சை மட்டும் தகட்டின் விளிம்பைத் தாண்டி விரலில் சற்றுப் பட்டிருந்தது; யாரோ ஒரு பெண்ணின் தூரிகை ஒரு கணம் தவறியிருக்கிறது.

"எடுப்பமா?" என்று கேட்டார் ஒருவர்.

"அந்தாள் அனுப்பேல்லை. நாங்கள் ஏன் அனுப்புவான்?"

அட்டையைப் பெட்டியில் அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தோம். விற்பவர் தோளைக் குலுக்கினார். சந்தையை விட்டு வெளியே வந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. வழியில் இருந்த பூக்கடையில் ரோஜாக்கள் வாங்கினோம். என்ன நிறம் என்பதைப் பற்றி இம்முறை எங்களுக்குள் வழக்கில்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள மற்றவர் எடுத்தார்.